கண்டம் தப்பிய பிள்ளையைக் கடலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 16 வயது. பதின்மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள், ஏ.எல்.எல். வகை. இரண்டரை வருடம் சிகிச்சை நடந்தது. முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் வைத்த போர்ட்டை இன்னும் எடுக்கவில்லை. இப்போது ஒரு தொண்டு நிறுவனம் இவனைப் போன்ற பிள்ளைகள் ஆறு பேரைப் பாய்மரப் படகில் நான்கு நாள் கடலுக்குக் கூட்டிப் போகிறது. செலவு முழுக்க அவர்களுடையது, ஆனால் பெற்றோர் கூட வரக் கூடாதாம். இவனுக்கு நீச்சல் தெரியாது. கிருமி தொற்றினால்? நடுக்கடலில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? இவன் அப்பா, "கண்டம் தப்பி வந்த பிள்ளையை யாராவது கடலில் கொண்டுபோய் விடுவார்களா?" என்கிறார். வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஒரு வாரமாக இவன் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்பு நாள் முழுக்க ஓடுகிறவன், இப்போது மாடி ஏறினாலே இடுப்பும் முழங்காலும் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறான். வளர்கிற வயது, படுத்தே கிடந்த உடம்பு, போகப் போகச் சரியாகும் என்று விட்டிருக்கிறோம். இப்படிப்பட்டவனை அனுப்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரே வார்த்தையில் என்றால், அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. அது கடல் சம்பந்தப்பட்டது இல்லை.

கிருமி, காய்ச்சல், நீச்சல் என்று நீங்கள் பயந்து எழுதியவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் பயப்படாமல் எழுதிய வரிதான். மாடி ஏறினால் இடுப்பும் முழங்காலும் வலிக்கிறது என்ற வரி. அதை வளர்கிற வயது என்று விட்டுவிடாதீர்கள்.

ஏ.எல்.எல். சிகிச்சையில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை நிறையவே கொடுக்கிறோம். புற்றணுக்களை ஒழிக்க அவை இல்லாமல் முடியாது. ஆனால் அவை சில பிள்ளைகளுக்கு எலும்புக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ரத்தம் போகாத இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சின்னக் குழந்தைகளுக்கு இது குறைவு. பத்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதிலும் இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும். இடுப்பில் கோளாறு இருந்து வலி முழங்காலில் தெரிவதும் உண்டு. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஆறு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் இந்த வலியைப் பற்றி, எப்போது ஆரம்பித்தது, எந்த அசைவில் வருகிறது, ராத்திரியிலும் இருக்கிறதா என்பதோடு சேர்த்து, இந்த வாரமே சொல்லுங்கள்.

வலி என்றதும் நோய் திரும்பிவிட்டதோ என்று மனசு அங்கேதான் போகும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்கிறீர்கள், வயதும் பதினாறு. நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீராய்டைத்தான். உங்கள் டாக்டர் இரண்டையும் பார்த்துச் சொல்வார். ஒருவேளை வெறும் தசை பலவீனமாகவே இருக்கலாம், அதற்கு பிசியோதெரபி போதும்.

எலும்பில் கோளாறு என்றே வந்தாலும் பயணம் ரத்து என்று அர்த்தமில்லை. படகிலிருந்து படகுத்துறைக்குக் குதிக்கக் கூடாது, கனமான பாயைத் தூக்கி இழுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதித் தருவார். சுக்கானை உட்கார்ந்தே பிடிக்கலாம். வரைபடம் பார்த்து வழி சொல்வதற்கு இடுப்பு வேண்டியதில்லை. மூட்டு சரியும் நிலைக்குப் போயிருந்தால் மட்டும் இந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்த முறை போகட்டும்.

இனி உங்கள் பயங்கள்.

"நடுக்கடல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரிப் பயணங்கள் பெரும்பாலும் நடுக்கடலுக்குப் போவதே இல்லை. பகலில் கரையோரமாக ஓட்டிவிட்டு, சாயங்காலம் ஏதாவது ஒரு துறையில் கட்டிவிட்டுத் தூங்குவார்கள். உங்களைக் கூப்பிட்ட நிறுவனமும் அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: பயணத்தின் எந்த நேரத்திலும், காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல அமைப்பு என்றால் மணிக்கணக்கோடு பதில் சொல்வார்கள், எந்தத் துறைக்கு எந்த ஆஸ்பத்திரி என்று பட்டியல் கையில் வைத்திருப்பார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வாயால் மட்டும் சொன்னால் அனுப்பாதீர்கள்.

காய்ச்சலில் அவ்வளவு கறாராக இருக்கக் காரணம் போர்ட். போர்ட் உள்ளே இருக்கும்வரை, 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தாமதிக்காமல் ஆண்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். இது உங்களுக்கு நன்றாகத் தெரியும், இரண்டரை வருடம் தலையணைக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரோடு தூங்கியிருப்பீர்கள். படகில் வரும் நர்ஸுக்கோ டாக்டருக்கோ தெரியுமா என்பதுதான் கேட்க வேண்டியது. போர்ட்டைச் சுத்தம் செய்து ஊசி போடும் தேதி பயண நாட்களில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஊசி குத்தியிராத போர்ட்டில் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. தோலுக்கு அடியில்தானே இருக்கிறது. உடம்புக்கு வெளியே தொங்கும் ஹிக்மன் லைன் என்றால் கதை வேறு, அதைத் தண்ணீரில் முக்கவே கூடாது. உங்கள் மகனுக்கு வரப்போகும் தொல்லை தண்ணீர் இல்லை, லைஃப் ஜாக்கெட்டின் பட்டை. அது சரியாகப் போர்ட் இருக்கும் மேட்டின் மேலேயே போகும். நாள் முழுக்க உரசினால் மாலையில் தோல் சிவந்து எரியும். மடித்த துணி ஒன்றை அடியில் வைத்தால் தீர்ந்தது. இதை எனக்குச் சொன்னது எந்தப் பாடப் புத்தகமும் இல்லை, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி.

நீச்சல் தெரியாது என்பதை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் படகுக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குளிர்ந்த கடலில் திடீரென்று விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் நீச்சல் தெரிந்தவனுக்கும் மூச்சு வாங்கி இரைக்கும், கை கால் சொன்னபடி கேட்காது. அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஜாக்கெட்தான். 150 நியூட்டன் மிதப்பு உள்ளவை, மயங்கிக் கிடக்கிறவரையும் முகம் மேலே வரும்படி புரட்டிவிடும் விதத்தில் செய்யப்பட்டவை. இரண்டு தொடைக்கு நடுவே போகும் பட்டையைப் பிள்ளைகள் அசௌகரியம் என்று மாட்ட மாட்டார்கள். அது இல்லையென்றால் ஜாக்கெட் மட்டும் தலைக்கு மேலே கழன்று வரும். அலை இருக்கும்போது ஜாக்கெட்டிலிருந்து ஒரு கயிற்றைப் படகோடு கோர்த்துவிடுவார்கள். மேல்தளத்துக்கு வந்தால் ஜாக்கெட் கட்டாயம் என்ற விதி அந்தப் படகில் இருக்கிறதா, படகை நடத்தும் ஸ்கிப்பர் உட்பட எல்லோருக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உண்மையில் பாய்மரப் படகில் தலையைப் பதம் பார்ப்பது பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் கம்பம். பூம் என்பார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது படகு திரும்பினால் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். ரத்தம் உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளையை நான் படகில் ஏற்றத் தயங்குவேன் என்றால் இதனால்தான். உங்கள் மகனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. "தலை!" என்று ஸ்கிப்பர் கத்தினால் யோசிக்காமல் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

தொற்றைப் பற்றி இரண்டே வரி. சிகிச்சை முடிந்த பிறகு எதிர்ப்புச் சக்தி முழுசாகத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஆகவே பயணத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி, திறந்த காற்றில் ஆறு பேரோடு இருக்கிற படகைவிட நாற்பது பேர் இருமும் வகுப்பறையில்தான் கிருமி அதிகம்.

வாந்தி வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நிறையத் தாய்மார்கள் கீமோ காலத்தில் மிச்சமான ஆண்டான்செட்ரான் மாத்திரையைப் பையில் போட்டு அனுப்புகிறார்கள். அது கடல் வாந்திக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கீமோ வாந்தி தூண்டப்படும் வழி வேறு, காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி குழம்பி வரும் வாந்தி வேறு. இதற்கு சின்னரிசின் மாதிரி மாத்திரையோ, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் பட்டையோ உதவும். டாக்டரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டில் போட்டுப் பாருங்கள், தூக்கம் தள்ளுகிறதா என்று தெரியும். பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்த ஒரு கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்துவிடும். விவரம் தெரியாத டாக்டர் மூளையில் ரத்தக் கசிவோ என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

வாந்தியோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சரியாகச் சுரக்காது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அப்படிப்பட்டவர் விடாமல் வாந்தியெடுத்தால் வெறும் கடல் மயக்கம் என்று படுக்க வைத்துவிடக் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் மகனுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது, அநேகமாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நிறுவனம் அனுப்பும் மருத்துவப் படிவத்தில் டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் படகில் இருப்பவர்களுக்கு வழி தெரியும்.

வெயில்: தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை இன்னும் வாரத்தில் இரண்டு நாள் போடுகிறான் என்றால் தோல் சீக்கிரம் கருகும். தண்ணீரிலிருந்து தெறித்து வரும் வெயில் தொப்பிக்கு அடியிலும் ஏறும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தால் விரல் நுனி மரத்திருந்தாலோ, நடக்கும்போது கால் நுனி தட்டினாலோ மூடிய ஷூ வேண்டும். படகுத் தளம் முழுக்க கால் விரலை இடிக்கவென்றே செய்தது போல இரும்புச் சாமான்கள் இருக்கும். டாவ்னோரூபிசின் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து கொடுத்திருப்பார்கள், எனவே கடைசியாக இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எப்போது எடுத்தது என்ற தேதியும் கையில் இருக்கட்டும்.

மருத்துவம் முடிந்தது. இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அவன் ஏன் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை?

நான் இப்படிப்பட்ட இரண்டு பயணங்களில் டாக்டராகப் போயிருக்கிறேன். முதல் பயணத்தில், துறையை விட்டு வெளியே வந்த இருபதாவது நிமிடம், முதல் ஆளாக வாந்தியெடுத்தது டாக்டர்தான். பிள்ளைகளில் யாருக்கும் அது அதிர்ச்சியாக இல்லை. அந்தப் பதினான்கு வயதுப் பெண் எழுந்துபோய் வாளியை எடுத்து வந்து, எவ்வளவு நேர்த்தியாகப் பிடித்தாள் என்றால், வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த நர்ஸுகூட அப்படிப் பிடிக்க மாட்டார். "கண்ணை மூடாதீங்க டாக்டர். தூரத்துல கடலும் வானமும் சேர்ற அந்தக் கோட்டைப் பாருங்க." அப்புறம் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "கீமோக்கு இது தேவலை. கரைக்குப் போனா நின்னுடும்."

அதே படகில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம். இரண்டாம் நாள் மதியம், பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை (நம் கடலோரத்தில் அதற்குத் தாமான் என்று அழகான பெயர் இருக்கிறது) சுருட்டி வைக்காமல் தளத்திலேயே போட்டுவிட்டு, கீழே போய் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கிப்பர் கூப்பிட்டார். மேலே வந்தான். எல்லோர் முன்னாலும் அவர் அவனைத் திட்டினார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் திட்டுதான்: அந்தக் கயிற்றில் இன்னொருத்தன் கால் மாட்டி விழுந்தால் யார் பொறுப்பு, சொன்ன வேலையை முடிக்காமல் கீழே போவது என்ன பழக்கம் என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குறுக்கே போய், பையன் களைத்திருப்பான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். கயிற்றை எடுத்து வளையம் வளையமாகச் சுருட்டினான், ஒரு தடவை சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடியும் சுருட்டினான். ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான்: "ரெண்டு வருஷமா என்னை யாருமே திட்டல டாக்டர்."

அவன் பரீட்சையில் தோற்றிருக்கிறான், தங்கையை அடித்திருக்கிறான், ஒருமுறை மாத்திரையைத் தொட்டியில் கொட்டியிருக்கிறான். யாரும் திட்டவில்லை. "பாவம்" என்று விட்டுவிட்டார்கள். பாவம் என்ற சொல் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் தள்ளி வைத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நானும் அதைத் தினமும் பத்துத் தடவை சொல்கிறவள்தான்.

ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பிள்ளைகளைப் பயணிகளாகக் கூட்டிப் போகிறீர்களா, மாலுமிகளாகவா? சில அமைப்புகள் உட்கார வைத்து, தொப்பி கொடுத்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகின்றன. அது ஒரு நல்ல பிக்னிக், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பாயை ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, சமைப்பது, கழிவறையைக் கை பம்ப் அடித்துச் சுத்தம் செய்வது எல்லாம் பிள்ளைகள் முறை வைத்துச் செய்கிற படகு என்றால், நான்கு நாளில் அங்கே வேறொன்று நடக்கும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 1978-இல் ஜூபிலி செய்லிங் டிரஸ்ட் என்று ஆரம்பித்தார்கள். லார்ட் நெல்சன், டெனேஷியஸ் என்று இரண்டு பெரிய பாய்மரக் கப்பல்களைக் கட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் கண் தெரியாதவரும் உடல் குறை இல்லாதவரும் ஜோடி ஜோடியாக ஒரே வேலையைச் செய்யும்படி அந்தக் கப்பல்கள் வடிவமைக்கப்பட்டன. புற்றுநோயிலிருந்து மீளும் பிள்ளைகளுக்கு என்று பிரான்ஸில் ஆ ஷாகன் சோன் காப் என்ற அமைப்பு இருந்தது, "அவரவர்க்கு அவரவர் திசை" என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். 2000-இல் அவர்களோடு ஒரு பயணம் போனவர் எல்லன் மெக்ஆர்தர். அடுத்த வருடம் தனியாக உலகத்தைச் சுற்றும் வாந்தே குளோப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர், 2005-இல் 71 நாள் 14 மணி நேரத்தில் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றிச் சாதனை படைத்தவர். அந்தப் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு போய் வந்த பாதிப்பில் 2003-இல் எல்லன் மெக்ஆர்தர் கேன்சர் டிரஸ்டை ஆரம்பித்தார். உங்கள் மகன் கையில் வைத்திருக்கும் அழைப்பும் இந்த வரிசையில் வந்ததுதான்.

அதற்காகக் கடல் நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பயணங்களைப் பற்றி வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, பிள்ளைகளே நிரப்பிய கேள்வித்தாளை வைத்துச் செய்தவை. தன்னம்பிக்கை கூடியது, தன்னைப் போன்றவர்களைப் பார்த்தது ஆறுதல் என்று அவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு காலம் அது நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வுகள் போதாது. நான் அனுப்பச் சொல்வது ஆய்வை வைத்து இல்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் தானாக ஒன்றைக் கேட்கிறான். மூன்று வருடத்தில் அவன் எதையாவது இப்படிக் கேட்டது எப்போது என்று நினைத்துப் பாருங்கள்.

அவன் அப்பா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டம் தப்பிய பிள்ளை என்பது உண்மை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் எத்தனை ராத்திரி நின்றிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கிப்பரோடும் படகில் வரும் நர்ஸோடும் அவரையே போனில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் இடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் பயம் இரண்டு மடங்காகத்தான் போய்ச் சேரும். பெரும்பாலான அப்பாக்களுக்கு நியூட்டன் கணக்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலும் என்னுடைய எந்த ஆறுதலையும்விடப் பெரிய மருந்து.

படிவம் வரும். உங்கள் டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஏற்றிக்கொள்கிறோம் என்கிற அமைப்பு எதுவானாலும் தள்ளிவிடுங்கள். அந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், அவனை நிரப்பச் சொல்லுங்கள். என்ன நோய், என்னென்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை என்று. என் கிளினிக்கில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் அம்மா முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அம்மா மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். இன்னும் இரண்டு வருடத்தில் பெரியவர்கள் பிரிவுக்குப் போவான். இதயத்தைப் பாதிக்கும் மருந்து தன் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நாற்பது வயதிலும் அவன் ஒரு புது டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

போட்டோ அனுமதிக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் நீங்கள் டிக் அடிக்காதீர்கள். இந்த அமைப்புகள் நன்கொடையில் ஓடுகின்றன, பணமில்லாமல் மூடப்பட்டவையும் உண்டு. நான் மேலே சொன்ன ஜூபிலி டிரஸ்டே 2023-இல் பணம் போதாமல் முடங்கிப்போனது. அதனால் படம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் "புற்றுநோயை வென்ற போராளி" என்ற தலைப்போடு தன் முகம் சுற்றுவதை அவன் விரும்புகிறானா என்பது அவன் சொல்ல வேண்டியது. எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்தப் போராளி என்ற சொல்லே பிடிக்காது. பிழைக்காத பிள்ளைகள் என்ன, சரியாகப் போராடவில்லையா?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் படகில் அவனுக்கு நண்பர்கள் கிடைப்பார்கள். காலையில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் மாத்திரை டப்பாவைத் திறப்பார்கள், போர்ட் தழும்பை ஒப்பிட்டுக்கொள்வார்கள், ஸ்டீராய்டு சாப்பிட்ட காலத்தில் நடுராத்திரி யார் என்ன தின்றார்கள் என்று சொல்லி உருண்டு சிரிப்பார்கள். பள்ளி நண்பர்களிடம் அவனால் இதைப் பேச முடிந்திருக்காது. திரும்பி வந்தபின் போனில் அவர்களோடுதான் கிடப்பான். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஒருநாள் நோய் திரும்பலாம். ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள், ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் கணக்கு அப்படி இல்லை. அப்படி ஒரு செய்தி வரும் நாளில் அவன் உடைந்துபோவான். இது அவனுக்குத் தெரியாதது இல்லை. வார்டில் பக்கத்துப் படுக்கை காலியானதை அவன் பார்த்திருப்பான். நீங்கள் எல்லோரும் அப்போது பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

திரும்பி வந்த முதல் இரண்டு நாள் தூங்குவான், எரிந்து விழுவான். நான்கு நாள் மாலுமியாக இருந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் "ஸ்வெட்டர் போட்டியா?" என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதைப் பார்த்து, போனது தப்போ என்று நினைக்காதீர்கள். கூட வந்த பிள்ளைகளின் வீடுகளில் விசாரித்தால் அங்கேயும் இதே கதைதான் இருக்கும்.

முதலில் எம்.ஆர்.ஐ. அதன் முடிவு வந்ததும் டாக்டரைப் பார்க்கும்போது மூன்று பேருமாகப் போங்கள், கேள்விகளை அவன் கேட்கட்டும். கிளம்பும் அன்று மாத்திரைகளை இரண்டு டப்பாவாகப் பிரித்து, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தனித்தனிப் பைகளில் வையுங்கள். ஏதாவது ஒன்று நிச்சயம் நனையும். இரண்டாவது டப்பாவை யாரிடம் கொடுத்து வைப்பது என்று அவனே முடிவு செய்துகொள்வான்.